இரண்டு மதிப்பெண்ணும் ஒரு ரஃப் நோட்டும்

பிளஸ் 1 வணிகவியல் பிரிவில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்த்ததும் கேட்பது, "அக்கா, ஒப்படைப்புக்கு, அதான் அசைன்மென்ட்டுக்கு, எத்தனை மதிப்பெண்?" என்பதுதான். எங்களுக்குப் பாடத்துக்கு 10 மதிப்பெண் அகமதிப்பீடு. வருகைக்கு 2, தேர்வுகளுக்கு 4, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. மிச்சமிருந்த 2 தான் ஒப்படைப்புக்கு. அந்த இரண்டுக்காக நள்ளிரவு வரை விழித்து, தலைப்பைச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் கொடி படரவிட்டவள் நான். ஆண்டு முடிந்து அலமாரியைக் காலி செய்தபோது அந்தக் கொடி படர்ந்த ஃபைல்கள் எல்லாம் பழைய பேப்பர்க் கடைக்குப் போயின. அட்டையில் சட்னிக் கறை படிந்த ஒரு ரஃப் நோட்டை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

முதலில் பெருமையாகத் தோற்ற கதை. வணிகவியலில் போக்குவரத்துப் பாடத்துக்காக ராயபுரம் ரயில் நிலையத்தைத் தெர்மாக்கோலில் செய்தோம். ஐந்து பேர் குழு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். முகப்புத் தூண்களைக் கைப்பேசியில் படம் பார்த்துச் செதுக்கினோம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து அந்த நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். ஐவரில் ஒருவர்கூடப் போகவில்லை. முழு மதிப்பெண், கைத்தட்டல், தலைமை ஆசிரியர் அறையில் ஒரு வாரம் காட்சி. பிறகு ஒருநாள் அத்தை வீட்டுக்குப் போகும் வழியில் அங்கே நின்று தூண்களை எண்ணினேன். எங்கள் கணக்கு தப்பு. யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லச் சொன்னால் சொல்வேன். அந்தப் பாடத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

பொருளியல் மிஸ் வேறு மாதிரி. பள்ளி திறந்த வாரமே, "தேவையும் அளிப்பும் புத்தகத்தில் இருக்கட்டும். காசிமேட்டுக்குப் போய் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மீன் விலை எழுதி வாருங்கள்" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தடை முடிவதற்கு முன் ஒரு ஞாயிறு, முடிந்த பின் ஒரு ஞாயிறு. மீன் அதிகம் வந்தால் விலை இறங்கும், அவ்வளவுதானே என்று வீட்டிலேயே பாதி எழுதிவிட்டுப் போனேன். நான் பார்த்ததோ வேறு. ஒரே நாளில் காலை ஐந்தரைக்கு ஏலத்தில் கேட்ட விலைக்கும் எட்டரைக்குச் சில்லறையில் கேட்ட விலைக்கும் சம்பந்தமே இல்லை. வெயில் ஏற ஏற, ஐஸ் கரையக் கரைய, காலையில் முறைத்த மீன்கார அம்மாவே கூப்பிட்டுக் கொடுத்தார். தடை முடிந்த முதல் ஞாயிறன்று சங்கரா விலை இறங்கியிருந்தது, வஞ்சிரம் விலை அசையவில்லை. பல நாள் தங்கிப் பிடிக்கிற படகுகள் இன்னும் கரைக்கு வரவில்லை என்றார்கள். 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்று புத்தகம் ஒவ்வொரு விதிக்கும் முன்னால் போடுகிற நிபந்தனையை அன்றுவரை வெறும் ஒப்புக்குப் படித்திருந்தேன். காசிமேட்டில் எதுவும் மாறாமல் இருக்காது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வியாபாரம் மும்முரமாக இருக்கும்போது நோட்டோடு போய் நின்றால் திட்டு விழும், விழத்தான் வேண்டும். முதலில் ஒரு கூறு நெத்திலி வாங்குங்கள், பிறகு கேளுங்கள். எனக்குத் தகவலும் கிடைத்தது, வீட்டில் குழம்பும் ஆயிற்று.

இனி அந்தச் சட்னிக் கறை. கணக்குப்பதிவியல் சார் நவம்பர் மாதத்துக்கு ஒரு வேலை கொடுத்தார்: தெரிந்த சிறு வியாபாரம் ஒன்றை எடுத்து, ஒரு மாத நடவடிக்கைகளைக் குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டில் எடுத்தெழுதி, பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு தயாரிக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் பயிற்சிக் கணக்கில் உள்ள 'ராமு' என்ற பெயரை அடித்து 'சோமு' ஆக்கிக் கொடுத்தார்கள். நான் எங்கள் தெருமுனை இட்லிக் கடை அக்காவைப் பிடித்தேன். நல்லெண்ணமெல்லாம் இல்லை, கடை பக்கத்தில் இருந்தது.

"உங்கள் முதல் எவ்வளவு அக்கா?" என்றேன். "முதலா? இந்த இரண்டு கைதான்" என்றார். பிறகு உட்கார்ந்து கிரைண்டர், தள்ளுவண்டி, இட்லிக் கொப்பரை, பெஞ்சு என்று ஒவ்வொன்றாக விலை போட்டோம். அரிசியும் உளுந்தும் மளிகைக் கடையில் கடன், அவர் கடனீந்தோர். இதெல்லாம் சிக்கலில்லை. முதல் சிக்கல் காலை ஏழரைக்கு வந்தது. அக்காவின் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகும் முன் ஆளுக்கு நான்கு இட்லி எடுத்துக்கொண்டார்கள். நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்து அக்கா அடுப்பை விட்டு எழுந்து வந்தார். "என் பிள்ளைகள் தின்பதையுமா எழுதுகிறாய்?"

எழுதத்தான் வேண்டும். உரிமையாளர் சொந்த உபயோகத்துக்குச் சரக்கு எடுத்தால் எடுப்புகள் கணக்கில் பற்று, கொள்முதல் கணக்கில் வரவு. இந்த வரியைப் பத்து முறை எழுதியிருக்கிறேன். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போதுதான் வியாபாரம் வேறு, அதை நடத்துகிறவர் வேறு என்று பாடம் ஏன் அவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறது என்று யோசித்தேன். "கடைக்கு நட்டமா, வீட்டுக்குச் செலவா என்று பிரித்துப் பார்க்கத்தான் அக்கா" என்றேன். மாத முடிவில் கூட்டிக் காட்டியபோது அக்காதான் அதிகம் ஆச்சரியப்பட்டார். கடையில் மிஞ்சவில்லை என்று அவர் நினைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் போயிருந்தது.

இருப்பாய்வு முதல் முறையே சமமாக வந்தது. மழை விடுமுறை அன்று தனியாக உட்கார்ந்து போட்டது. சமமானதும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் சார் நோட்டை வாங்கி, பலவகைச் செலவுகளில் தினமும் விழுந்திருந்த 100 ரூபாயைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். "இது என்ன?"

தண்டல். நவம்பர் 4 அன்று அக்கா 10,000 ரூபாய் தண்டல் எடுத்தார். கைக்கு வந்தது 8,500. பிடித்துக்கொண்ட 1,500 வட்டி. மறுநாளிலிருந்து 100 நாளுக்குத் தினம் 100 கட்ட வேண்டும். நான் அந்த 8,500ஐ அக்கா கடையில் கூடுதலாகப் போட்ட முதல் என்று வரவு வைத்திருந்தேன். கட்டுகிற நூறுகளைச் செலவு என்று எழுதியிருந்தேன். இரண்டும் தப்பு. ரொக்கம் 8,500 பற்று, வட்டி 1,500 பற்று, கடன் 10,000 வரவு என்று வந்திருக்க வேண்டும். தினம் கட்டுவது செலவே இல்லை, கடன் குறைவது. நவம்பரில் கட்டிய 26 நாளுக்கு 2,600 ரூபாயைச் செலவாகக் காட்டி அக்காவின் லாபத்தைக் குறைத்திருந்தேன், வட்டியை விட்டேவிட்டேன். ஆனாலும் இருப்பாய்வு சமமாகத்தான் நின்றது. கடனை முதலென்றும் கடன் அடைப்பதைச் செலவென்றும் இனம் மாற்றி எழுதுகிற இந்த மாதிரி விதிப்பிழையை இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எனக்கு இனி விடை மறக்காது. நூறு நாளுக்கு 8,500க்கு 1,500 வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 64க்கு மேல் என்று சார் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்தால் இன்னும் ஏறும் என்றார். வகுப்பில் யாரும் பேசவில்லை. எங்களில் பல வீடுகளில் அந்தத் தண்டல் அட்டை இருக்கிறது.

திருத்திவிட்டு டிசம்பரையும் எழுது என்றார் சார். எழுதினேன். அதற்கு மதிப்பெண் கிடையாது.

தமிழ் ஒப்படைப்பு ஊர்ப்பெயர் ஆய்வு. தொண்டியிலிருந்து வந்த சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபைத் தொண்டியார் என்று அழைத்ததால் தண்டையார்பேட்டை ஆனது என்று சொல்வார்கள், நன்றாக வந்தது. ஆங்கிலப் பேச்சை மனப்பாடம் செய்து பாதியில் மறந்தேன், அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. கணினிப் பயன்பாடுகளில் தோழியின் கோப்பைப் பெயர் மாற்றிக் கொடுத்தேன். செய்முறைத் தேர்வில் விரல் நின்றபோது அதற்கான பலன் கிடைத்தது.

ரஃப் நோட்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். தேதியும் நேரமும் போட்டு அந்த இடத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் பாதி கற்பனை சேரும். அடித்ததை அழிக்காதீர்கள். சுத்தப் பிரதி ஆசிரியருக்கு, நோட்டு உங்களுக்கு. பிளஸ் 2 கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் திறந்தேன், முதல் பாடமே முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள். பக்கத்துக்குப் பக்கம் இட்லிக் கடைதான்.

ஜனவரி 20 அன்று மாலை அக்கா தெருவிலிருந்து என்னைக் கூப்பிட்டார். தண்டல்காரர் இன்னும் 27 நாள் பாக்கி என்கிறார், அக்கா இல்லை என்கிறார். நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். 23. அவர் தம் அட்டையை விளக்கடியில் பிடித்து மறுபடி எண்ணினார். நவம்பர் மழையில் நனைந்து நான்கு கட்டங்களில் மை கரைந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அக்கா ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்து நீட்டினார்.

"இதை எந்தக் கணக்கில் எழுதுவாய்?"

எடுப்புகள் என்று எழுதினேன்.