இளஞ்சிவப்பு உருண்டையும் எங்கள் ஊர் ஈரக்காற்றும்

சிங்கப்பூரில் காப்பிக்கடை என்றால் எனக்கு எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் கடைதான். கோப்பி ஓ, காயா ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, பொழுது சாய்ந்தால் பராட்டா. அங்கே குச்சியில் செருகிய கேக் உருண்டையான கேக் பாப் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று வருந்தியவரும் என் மகளைத் தவிர வேறு யாரும் இல்லை.

அவள் அதை முதலில் தின்றது சியாட்டிலில், என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது. 1971இல் ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடை தொடங்கிய ஊர் அது. அந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இளஞ்சிவப்பு உருண்டை ஒன்று வெள்ளைப் பொட்டுகளோடு குச்சியின் தலையில் உட்கார்ந்திருந்தது. இரண்டே கடியில் தீர்ந்துபோனது. பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாத திரும்பும் பயணத்தில் அவள் பேசியது அதைப் பற்றி மட்டும்தான். பிறந்தநாளுக்கு அதுவே வேண்டுமாம்.

வீட்டில் செய்ய முடியுமா என்று தேடியபோது ஒரு விவரம் எனக்குத் தெம்பு தந்தது. ஸ்டார்பக்ஸ் இதை அமெரிக்கக் கடைகளில் அறிமுகப்படுத்தியது 2011இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஏஞ்சி டட்லி என்ற பெண்மணி பேக்கரெல்லா என்ற தம் வலைப்பூவில் இந்தக் குச்சி உருண்டைகளைச் செய்து காட்டிப் பிரபலமாக்கியிருந்தார். அதாவது வீட்டுச் சமையலறையிலிருந்துதான் இது கடைக்குப் போயிருக்கிறது. அப்படியானால் என் சமையலறைக்கும் வரட்டுமே.

நான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன். எடைபோடுவதும் வெப்பநிலை பார்ப்பதும் கைப்பழக்கம். அந்தத் திமிரில்தான் முதல் முயற்சியில் இறங்கினேன். வெண்ணெயும் மோரும் சேர்த்து நல்ல மெத்தென்ற வெனிலா கேக் ஒன்றைச் சுட்டேன். காணொளியில் சொன்னபடி அதை உதிர்த்து, ஒரு கோப்பை பட்டர் கிரீம் சேர்த்துப் பிசைந்தேன். உருட்டினேன், குச்சி சொருகினேன், உருக்கிய சாக்லேட்டில் முக்கித் தூக்கினேன். குச்சி மட்டும் வந்தது. இரண்டாவதிலும் குச்சி மட்டும் வந்தது. நான்காவது உருண்டையும் கோப்பையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டபோது மகள் கேட்டாள்: "அப்பா, இது மீன் பிடிக்கிற விளையாட்டா?"

அம்மா வந்து மிச்சமிருந்த மாவை ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். "ரவா உருண்டை பிடிக்க யாராவது நெய்யை இப்படி ஊற்றுவார்களா? களியாகிவிட்டதே" என்றார். அதோடு போய்விட்டார். அம்மாவின் விமர்சனங்கள் எப்போதும் இந்த நீளம்தான்.

ஆனால் விஷயம் முழுவதும் அதில் இருந்தது. கேக்கில் ஏற்கெனவே வெண்ணெயும் ஈரமும் இருக்கின்றன. நல்ல கேக் என்றால் இன்னும் அதிகம். அதன் தலையில் கிரீமையும் கொட்டினால் உருண்டைக்கு உடம்பே இருக்காது. கடையில் விற்கும் கேக் பாப்பைக் கடித்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே பஞ்சுபோல இருக்காது, அடர்த்தியாக, கொஞ்சம் பச்சை மாவு போலவே இருக்கும். அந்த அடர்த்திக்கு மெத்தென்ற கேக் பகை. உலர்ந்த, சற்றே அலுப்பூட்டும் கேக்தான் வேண்டும். நல்ல கேக்கைச் சுட்டால் தயவுசெய்து அதை அப்படியே சாப்பிட்டுவிடுங்கள்.

அடுத்த முறை அக்கம்பக்க பேக்கரியில் சாதாரண பட்டர் கேக் வாங்கி ஒரு நாள் வைத்திருந்தேன். பழுப்பான ஓரங்களை வெட்டிவிட்டு 400 கிராம் எடுத்துக்கொண்டேன். ஓரம் கலந்தால் உருண்டையில் கட்டிகட்டியாக நிற்கும். ரவைபோல உதிர்த்த பிறகு 25 கிராம் வெண்ணெய், 35 கிராம் ஐசிங் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பால் குழைத்த கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்த்தேன். அம்மாவின் சோதனை இது: ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருவம் நிற்க வேண்டும், பெருவிரலால் நெட்டினால் விண்டுபோக வேண்டும். விரலில் அப்பினால் கிரீம் அதிகம். அப்போது மேலும் கேக் தூளைப் போட்டுச் சரிக்கட்டலாம்.

ஓர் உருண்டைக்கு 25 கிராம் என்று கணக்குப் போட்டேன், பதினெட்டு வரும். அதைவிடப் பெரிதானால் தலைகனம் தாங்காமல் குச்சி சாயும். நான் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக்கொண்டிருக்க, அம்மா எதிரே உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்த்தபடி உருட்டித் தள்ளினார். சோதித்துப் பார்த்தேன். 24, 26, 25, 25. தராசை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

உருண்டைகளை குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அவசரத்துக்கு உறைபெட்டியில் வைத்தால் வேறொரு தொல்லை வரும். நான் வைத்தேன். கல்லாகிப்போன உருண்டையின் மேல் சூடான சாக்லேட் அழகாகத்தான் படிந்தது. பத்து நிமிடத்தில் டிக், டிக் என்று சத்தம். உள்ளே இருந்த உருண்டை குளிர் விட்டு விரிய, இறுகிப்போன மேல்பூச்சுக்கு இடம் போதவில்லை. தலைமுதல் கால்வரை வெடிப்பு. குளிர்ந்திருக்க வேண்டும், உறைந்திருக்கக் கூடாது.

குச்சி கழலாமல் இருக்க, அதன் முனையை ஒரு சென்டிமீட்டர் உருகிய சாக்லேட்டில் தோய்த்து, உருண்டையின் பாதி ஆழம் வரை செலுத்தி, அது இறுகும் வரை காத்திருக்க வேண்டும். இது பசை. முதல் நாள் எனக்கு இது தெரியாது.

இனி மேல்பூச்சு. இதில் நான் கொஞ்சம் நீட்டி முழக்குவேன். அசல் வெள்ளைச் சாக்லேட்டில் இருப்பது கோக்கோ வெண்ணெய். அது பளபளப்பாகவும் மொறுமொறுப்பாகவும் இறுக வேண்டுமென்றால் குறிப்பிட்ட சூட்டுக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி சிறிது ஏற்றிப் பதப்படுத்த வேண்டும். அப்படியே பதப்படுத்தினாலும் அது உருகுவது ஏறக்குறைய 34 டிகிரியில். நம் ஊர்ப் பிற்பகல் 31, 32 என்று நிற்கிறது, குழந்தைகளின் விரலோ அதைவிடச் சூடு. காம்பவுண்ட் என்ற பெயரில் விற்பதில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனைக்கொட்டை எண்ணெய் போன்ற கொழுப்பு இருக்கும். ருசியில் ஒரு படி கீழேதான், மறைப்பதற்கில்லை. ஆனால் பதப்படுத்தும் வேலையே இல்லாமல் தானாக இறுகும். பூன் ஹுவாட் போன்ற பேக்கிங் பொருள் கடைகளில் கிடைக்கும். இந்த ஒரு இடத்தில் மட்டும் மலிவுதான் சரி.

300 கிராம் வாங்குங்கள். உருண்டைகளில் ஒட்டுவது அவ்வளவு இல்லை, ஆனால் முக்குவதற்கு ஆழம் வேண்டும். அகலக் கிண்ணம் ஆகாது, உயரமான குறுகலான தம்ளர் வேண்டும். கொதிநீர் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கினால் ஆவி உள்ளே போய்விடும். ஒரு சொட்டு நீர் பட்டால் போதும், சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாக்லேட் மண்ணாகக் கட்டிவிடும். மைக்ரோவேவில் இருபது இருபது விநாடியாக வைத்துக் கிளறுவதுதான் எனக்குச் சரிவந்தது. நீரில் கரையும் சாதாரண நிறச்சாயமும் இதே வேலையைச் செய்யும் என்பதால் சாக்லேட்டுக்கான எண்ணெய்ச் சாயம் வாங்கினேன். கலவை கெட்டியாக இருந்தால் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய். நேராக உள்ளே இறக்கி, நேராகத் தூக்கி, மணிக்கட்டை மெல்லத் தட்டி மிச்சத்தை வடிய விடுங்கள். உள்ளே வைத்துச் சுழற்றினால் மீண்டும் மீன்பிடிதான்.

தூவும் சர்க்கரை மணிகள் விஷயத்தில் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். மகளின் தோழிகளில் இருவர் முஸ்லிம்கள், ஒருத்தி வீட்டில் முட்டையும் சேர்ப்பதில்லை. சிவப்பு மணிகளில் சில நேரம் இ120 என்ற சாயம் இருக்கும், அது ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது. பளபளப்புக்குப் பூசும் இ904 அரக்கு, அதுவும் பூச்சி தருவதுதான். ஹலால் முத்திரையுள்ள வெறும் வெள்ளை மணிகளை வாங்கினேன். முட்டை சேர்க்காதவளுக்காகத் தேக்கா பக்கம் முட்டையில்லாத கேக் வாங்கித் தனியாக ஆறு செய்தேன். அந்தக் கேக் ஈரமானது, கிரீம் பாதி போதும் என்று ஆனது. அவளுடையவற்றுக்கு வெள்ளைப் பூச்சு, மாறிப்போகாமல் இருக்க.

குச்சிகளை நிறுத்த ஏதும் இல்லை. அம்மா எவர்சில்வர் தூக்கில் பச்சரிசியை நிரப்பி முன்னே வைத்தார். நட்டால் அசையாமல் நின்றன. நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு அவரே, "பிறந்தநாளா பூசையா என்று தெரியவில்லை, ஊதுவத்தி போல இருக்கிறது" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் எங்கள் ஊர்க் காற்று தன் வேலையைக் காட்டியது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கூடத்து மேசையில் வைத்த முதல் உருண்டைக்கு ஐந்து நிமிடத்தில் முத்து முத்தாக வியர்த்தது. மணிகள் கரைந்து வழிந்தன, இளஞ்சிவப்பு பிசுபிசுத்தது. இங்கே காற்றில் அவ்வளவு ஈரம், ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். நான் பார்த்த அமெரிக்கச் செய்முறைகள் எதிலும் இது இல்லை. நான் கண்டுபிடித்த வழி: காற்று புகாத டப்பாவில் மூடியே வெளியே எடுத்து, ஏர்கான் போட்ட படுக்கையறையில் ஒரு மணி நேரம் மூடியைத் தொடாமல் வைப்பது. வியர்ப்பதென்றால் டப்பாவின் வெளிப்புறம் வியர்க்கட்டும். உள்ளிருப்பது அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் மேல்பூச்சு உலர்ந்து, பல் பட்டதும் நொறுங்கும்.

பிறந்தநாளன்று அந்தப் படுக்கையறைக் கதவில் "திறக்காதே" என்று எழுதி ஒட்டினேன். மகளிடம் மூன்று முறை சொன்னேன், மனைவியிடமும் ஒரு முறை சொல்லி முறைப்பை வாங்கிக்கொண்டேன். ஒன்றுகூட வியர்க்கவில்லை. எட்டுப் பிள்ளைகள், பத்து நிமிடம், ஒரு தூக்கு அரிசியும் நிறைய வெறும் குச்சிகளும் மிச்சம். கடையில் தின்றது போலவே இருந்ததா என்று மகளிடம் கேட்டேன். "அதைவிடக் குட்டி" என்றாள்.

அன்றிரவு எனக்கு இரவுப்பணி. தப்பிப் பிழைத்திருந்த இரண்டைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் பஸ் வர ஏழு நிமிடம் என்று காட்டியது. ஒன்றை மட்டும் பார்ப்போமே என்று மூடியைத் திறந்தேன். பஸ் அட்டையைத் தட்டும்போது என் இரண்டு விரல்களும் இளஞ்சிவப்பாக இருந்தன.