அப்பியன் வே: வாடகைக்குக் கட்டிய தெரு

சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் எங்கள் ஆட்களுக்குப் பக்கத்துப் பேர்வூட் என்றால் ரயில் நிலையம், கடைத்தொகுதி, சீனச் சாப்பாட்டுக்கடைகள், அவ்வளவுதான். நிலையத்திலிருந்து தெற்கே நடந்தால் வரும் அப்பியன் வே என்ற தெருவைப் பற்றி எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை. வீடு தேடி அலைந்த நாட்களில்தான் அதற்குள் போனேன்.

அந்தத் தெருவை உருவாக்கிய ஜோர்ஜ் ஹொஸ்கின்ஸ் இரும்புத் தொழிலில் பணம் சேர்த்தவர். மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி தங்க வயல்களுக்கு ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தூரம் தண்ணீர் கொண்டுபோன இரும்புக் குழாய்களில் ஒரு பகுதியைச் செய்துகொடுத்தது, அவரும் தம்பி சார்ள்சும் நடத்திய நிறுவனமே. 1903இல் அந்தக் குழாய்வழி திறக்கப்பட்ட காலத்தில், அவர் இங்கே 20 ஏக்கர் காணியில் ஒரு மாதிரிக் குடியிருப்பைத் தொடங்கினார். 1911 வரையில் வில்லியம் ரிச்சர்ட்ஸ் என்பவர் கட்டிய 39 வீடுகளில் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.

ஆஸ்திரேலியாவில் தனித்தனியாக இருந்த பிரித்தானியக் குடியேற்றங்கள் 1901இல் ஒரே நாடாக இணைந்ததை ஒட்டிய காலத்தில் பரவிய கட்டடப் பாணி இது. செங்கல் சுவரில் கல்லுக்குக் கல் நூல் பிடித்தாற்போல வெள்ளைக் கோடு ஓடுகிறது. விறாந்தைத் தூண்களுக்கிடையே மரத்தில் அறுத்தெடுத்த பின்னல் வேலை, ஈயச் சட்டமிட்ட வண்ணக் கண்ணாடி, கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் புகைபோக்கி. பெரிய விறாந்தையோடு வளர்ந்த யாழ்ப்பாணத்தவனுக்கு அந்த விறாந்தைகளைக் கடந்து போக மனம் வராது. தெருவும் நேராக ஓடாமல் வளைந்து செல்வதால், அடுத்த வீடு கொஞ்சங் கொஞ்சமாகவே கண்ணில் படுகிறது. நடுவே உள்ள திறந்த வெளி, குடியிருப்பாளர்கள் விளையாடுவதற்கென்று விடப்பட்டது.

இத்தனை அழகையும் ஹொஸ்கின்ஸ் விற்பனைக்குக் கட்டவில்லை. வசதி படைத்தவர்களுக்கு வாடகைக்கு விட்டார் என்பதுதான் வாடகைவாசியான என்னை இழுத்துப் பிடித்த செய்தி. மாதிரிக் குடியிருப்பு என்ற பெயர் இருந்தாலும், இரும்பாலைத் தொழிலாளியை நினைத்து அவர் கட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

36 வீடுகள் இன்றும் நிற்கின்றன. மரபுப் பாதுகாப்புப் பகுதி என்பதால், நகரசபையின் அனுமதியின்றி முகப்பை மாற்றிக் கட்ட முடியாது. உள்ளே ஆட்கள் குடியிருப்பதால் நடைபாதையில் நின்றுதான் பார்க்க வேண்டும். வேலிகள் தாழ்வானவை, அதுவே போதும்.