குளக்கட்டில் ஓர் அளவுத்திருத்தம்

கருவியோடு வந்த கையேட்டின்படி அளவுத்திருத்தம் செய்யப் பத்து நிமிடங்கள் போதும். எனக்கு ஒன்பது நாட்கள் பிடித்தன.

உள்ளங்கையில் அடங்கும் புளோரோமீற்றர் அது. சிறிய சதுரக் குப்பியில் தண்ணீரை ஊற்றி உள்ளே வைத்தால், 460 நனோமீற்றர் அளவிலான நீல ஒளியை அதன்மேல் பாய்ச்சும். பாசியிலுள்ள பச்சையம் அதை வாங்கி, 685 நனோமீற்றருக்கு அண்மையில் சிவப்பாக உமிழும். அந்தச் சிவப்பின் வலிமையைக் கருவி ஓர் எண்ணாகக் காட்டும். ஆனால் அது வெறும் ஒப்பீட்டு எண். லீற்றருக்கு இத்தனை மைக்கிரோகிராம் பச்சையம் என்று அதைப் பேச வைப்பதுதான் என் வேலை. பார்க்க வேண்டியவை இரண்டு குளங்கள்: ஒன்று இரணைமடு, மற்றது ஏ-9 வீதியிலிருந்து உள்ளே திரும்பிச் செல்லும் சிறிய ஊர்க்குளம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து, இரண்டுமே வற்றிக்கொண்டிருந்த காலம்.

முதல் நாள் முழுவதும் பூச்சியத்திலேயே போயிற்று. காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் எண் பூச்சியத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நீர் கெட்டுவிட்டதென்று புதுப் போத்தல் திறந்தேன், குப்பியை மூன்று தடவை கழுவினேன், பற்றரியையும் மாற்றினேன். மாலையில்தான் குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கத் தோன்றியது. வெளிப்புறம் முழுவதும் வியர்த்திருந்தது. நீர்ப் போத்தலை ஐஸ் பெட்டிக்குள் மாதிரிகளோடு வைத்திருந்தேன். வெளியே எடுத்தவுடன் வன்னியின் புழுக்கத்தில் கண்ணாடி வியர்க்காமல் என்ன செய்யும்? மறுநாள் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் ஒரே அறையில் வைத்து, குப்பியைத் துடைத்து, மேல் விளிம்பில் மட்டும் பிடித்து வைத்தேன். பூச்சியம் அசையாமல் நின்றது. வெப்பநிலை ஏறினால் ஒளிர்வும் இறங்கும் என்பதால், அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பை அதன் பிறகு நான் ஒருநாளும் தவிர்க்கவில்லை.

இன்னொரு பூச்சியமும் உண்டு. குளத்துத் தண்ணீரைக் கண்ணாடி நார் வடிதாளில் வடித்து, பாசி நீங்கிய நீரை மட்டும் வைத்துப் பார்த்தேன். அதுவும் சிறிய எண் ஒன்றைக் காட்டியது. மருத மரத்து இலைகள் ஊறி ஊறித் தேநீர்ச் சாயத்தில் இருக்கும் கரையோரத் தண்ணீரில் அந்த எண் கூடுதல். அதைக் கழிக்காவிட்டால் இலைச் சாற்றையும் பாசிக் கணக்கில் சேர்த்துவிடுவோம்.

மூன்றாம் நாள் இரணைமடுவில், நண்பகல் வெயிலில் எடுத்த தண்ணீர் 410 காட்டியது. அதே போத்தலைக் கறுப்புத் துணியில் சுற்றி அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பார்த்தபோது 590. தண்ணீரில் எதுவும் கூடவில்லை. கடும் வெயிலில் பாசி, தன்னால் பயன்படுத்த முடியாத ஒளியை வெப்பமாக வெளியேற்றிவிடுகிறது. ஒளிர்வுக்கு மிஞ்சுவது குறைந்துபோகிறது. காலை ஆறு மணிக்கு எடுத்ததையும் பன்னிரண்டு மணிக்கு எடுத்ததையும் ஒப்பிட்டு, பாசி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தால் பெரும் அவமானமாகியிருக்கும். நல்ல வேளை, அந்தக் கறுப்புத் துணியை அம்மா பைக்குள் திணித்து அனுப்பியிருந்தார். போத்தலுக்காக அல்ல, என் தலைக்காக.

பிறகு உண்மையான அளவு. இரணைமடுத் தண்ணீரை வடித்து, வடிதாளை 90 வீத அசற்றோனில் அரைத்து, இரவு முழுவதும் இருட்டில், குளிர்சாதனப் பெட்டியில் ஊற வைத்தேன். காலையில் தெளிந்த பச்சைச் சாற்றை நிறமாலை ஒளிமானியில் 664, 647, 630 நனோமீற்றரில் அளந்து சமன்பாட்டில் போட்டால் பச்சையத்தின் அளவு வந்துவிடும். கலங்கல் எவ்வளவு என்று பார்க்க 750இலும் ஒரு வாசிப்பு எடுக்க வேண்டும். அது பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். எனக்கு ஏறிக்கொண்டே போனது. நான் அசற்றோனை ஊற்றியது பிளாஸ்ரிக் குப்பியில். அது உள்ளேயே கரைந்து வெண்மையாகிக்கொண்டிருந்தது! கல்வியாண்டு முழுவதும் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஒரு நாள் வீண். கண்ணாடிக் குப்பியில் திரும்பச் செய்தபோது லீற்றருக்கு 17 மைக்கிரோகிராம் வந்தது. இருட்டில் வைத்து எடுத்த 590ஐ, வடித்த குளத்து நீரின் எண்ணைக் கழித்துவிட்டு, அந்த 17க்குப் பொருத்தினேன். இனிக் கருவி காட்டும் எண் நேரே மைக்கிரோகிராம்தான். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஊர்க்குளம் அந்த நினைப்பைக் கெடுத்தது. சோளகக் காற்று பாசியை வடக்குக் கட்டோரம் ஒதுக்கியிருந்தது. துருசடியில் தண்ணீர் வர்ணம் கரைத்ததுபோல் கிடந்தது. அதை ஊற்றினேன்: 212. காற்சட்டைப் பையில் வெற்றிலைப் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார். வடித்த குளத்து நீரால் அதைப் பாதியாக ஐதாக்கினேன்: 240. கூடிவிட்டது!

“கண்ணுக்குத் தெரிவது உங்கள் பெட்டிக்குத் தெரியவில்லையே, பிள்ளை,” என்றார் அவர்.

உண்மைதான். பாசி மிக அடர்ந்திருந்தால் முன்னால் நிற்பவை ஒளியைத் தின்றுவிடும், பின்னால் நிற்பவற்றுக்கு எட்டாது; உமிழ்ந்த சிவப்பையும் வழியிலேயே விழுங்கிவிடும். நாலில் ஒன்றாக்கினேன், 131. எட்டில் ஒன்று, 66. பதினாறில் ஒன்று, 33. அங்கேதான் கணக்கு நேர்கோட்டுக்கு வந்தது. 130க்கு மேல் எந்த எண் வந்தாலும் ஐதாக்கித் திரும்ப அளக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் சிவப்பில் எழுதிக்கொண்டேன்.

அவ்வளவும் செய்தும், நடுக்குளத்துத் தண்ணீருக்குக் கருவி சொன்னது 31, அசற்றோன் சொன்னது 52. மூன்று முறை செய்து பார்த்தேன், அதே இடைவெளி. நுணுக்குக்காட்டியில் ஒரு துளியை வைத்தபோது விடை தெரிந்தது: கூழுக்குள் பொதிந்த சிறு உருண்டைகள், மைக்கிரோசிஸ்ரிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. இந்த வகைப் பாசியில் பச்சையத்தின் பெரும்பங்கு, அவ்வளவாக ஒளிராத இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நீல ஒளியால் அதைத் தட்டி எழுப்ப முடியாது. அதற்கென்றே கருவியில் செம்மஞ்சள் ஒளிக்கான இரண்டாவது வழி இருந்தது. பைக்கோசயனின் என்ற நீல நிறமியை அது தேடும். ஆறு நாட்களாக அந்தப் பொத்தானை நான் தொடவே இல்லை. தொட்டதும் ஊர்க்குளம் இரணைமடுவைவிடப் பல மடங்கு எகிறியது.

பெரியவர் தம் மாடுகள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். கொதிக்க வைத்தால் சரியாகுமா, பிள்ளை? இந்த வகைப் பாசி விடும் மைக்கிரோசிஸ்ரின் என்ற நஞ்சு கொதிப்பதால் போகாது ஐயா என்றேன். குடிநீரில் லீற்றருக்கு 1 மைக்கிரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. என் கருவி பாசியை அளக்குமே தவிர நஞ்சை அளக்காது என்பதையும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு அவர் மாடுகளைக் கட்டின் மறுபக்க வாய்க்காலுக்கு ஓட்டிப்போனார்.

இப்போது பெட்டியின் மூடியில் இரண்டு காகிதத் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் குளத்தின் பெயரும், கருவியின் எண்ணை எதனால் பெருக்க வேண்டும் என்பதும், திகதியும். கீழே, தினமும் காலையில் கருவியோடு வந்த திண்ம நியமத்தை, அதாவது எப்போதும் ஒரே அளவில் ஒளிரும் கட்டியை வைத்து, மூன்று முறை வாசித்து, மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. பெரும்போக மழை விழுந்து குளம் கலங்கியதும் இரண்டு துண்டுகளையும் கிழித்துவிட்டு, மறுபடி வடிதாளில் இருந்து தொடங்க வேண்டும்.