பழைய கார் வாங்குமுன் கோந்த்ரோல் தெக்னிக் வரலாற்றைத் தேடிய அனுபவம்

பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவில் பழைய கார் வாங்கப் போனால், விற்பவர் முதலில் எடுத்து நீட்டுவது கோந்த்ரோல் தெக்னிக் எனப்படும் கட்டாய வாகனப் பரிசோதனையின் அறிக்கையைத்தான். நான்கு ஆண்டுகளைத் தாண்டிய காரை விற்க ஆறு மாதத்துக்கு உட்பட்ட அறிக்கை வேண்டும் என்பது பிரான்சு முழுவதற்கும் பொதுவான சட்டம் என்பதால், அந்தத் தாள் கையில் இல்லாமல் யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. அது உண்மையான தாளாகவே இருந்தும் வாங்குபவரை ஏமாற்ற முடியும் என்பதை அண்மையில் நேரில் கண்டேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

சேன் லூயிப் பக்கம், கடற்கரையிலிருந்து சிறிது தூரத்தில் நிறுத்தியிருந்த சிறிய டீசல் கார் அது. விலை நியாயமாகப் பட்டது, ஓட்டிப் பார்த்ததிலும் குறை தெரியவில்லை. அறிக்கையில் முடிவுக்கு நேரே 'ஏ' எழுத்து, அதாவது தேர்ச்சி. அதன் கீழ் ஒரு குறைகூட எழுதப்பட்டிருக்கவில்லை. பதினான்கு வயதான, கடல் காற்றிலேயே வளர்ந்த ஒரு காருக்கு இவ்வளவு சுத்தமான தாள் கிடைக்காது என்று முதலில் சொன்னவர் என்னோடு வந்திருந்த சித்தப்பாதான். லெ போர் என்ற ஊரில் நெடுங்காலம் பட்டறை வேலை பார்த்தவர் அவர். தாளின் மேற்பகுதியில் பரிசோதனையின் வகையைக் குறிக்கும் இடத்தில் அவர் விரலை வைத்தார். அங்கே 'கோந்த்ர விசித்' என்று இருந்தது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம். 2018 மே 20 முதல் நடப்பிலுள்ள முறைப்படி, குறைகள் சிறியவை, பெரியவை, ஆபத்தானவை என மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. சிறிய குறைகள் எத்தனை இருந்தாலும் 'ஏ' கிடைத்துவிடும். பெரிய குறை இருந்தால் 'எஸ்' விழும். இரண்டு மாதத்துக்குள் சரிசெய்து மறுபரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும். ஆபத்தான குறைக்கு 'ஆர்'. பரிசோதனை நாளின் நள்ளிரவுக்குப் பிறகு, பழுது நீக்காமல் காரைச் சாலையில் ஓட்டக்கூடாது. கோந்த்ர விசித் என்பது அந்த மறுபரிசோதனை. முன்பு தவறிய அம்சங்களை மட்டுமே அதில் பார்ப்பார்கள். ஆகவே முதல் பரிசோதனையில் எழுதப்பட்ட சிறிய குறைகள் இரண்டாம் தாளில் வராமலேயே போய்விடலாம்.

முதல் அறிக்கையைக் கேட்டோம். "அது எங்கேயோ தொலைந்துவிட்டது, தொந்தோன்; கடைசித் தாள்தானே முக்கியம்" என்று விற்பவர் சித்தப்பாவிடம், மாமா என்ற முறையில் அழைத்துப் பணிவாகத்தான் சொன்னார். வண்டியின் பதிவுச் சான்றான கார்த் கிரீஸையும் மடித்தே காட்டினார். பரிசோதனை முத்திரைகள் விழும் பகுதி உள்ளே போயிருந்தது. விரித்துக் காட்டச் சொன்னபோது பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

பிரான்சு உள்துறை அமைச்சகம் 2019-இல் தொடங்கிய ஹிஸ்தோவெக் என்ற, வண்டியின் வரலாற்றைக் காட்டும் இலவச இணையச் சேவையை இங்கே எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் வாங்குபவர் தாமாக அதில் எதையும் பார்த்துவிட முடியாது. கார்த் கிரீஸில் உள்ளபடி உரிமையாளரின் பெயர், வண்டி எண், அத்தாட்சியிலுள்ள படிவ எண் ஆகியவற்றைக் கொடுத்து, உரிமையாளரே வரலாற்றைத் திறந்து இணைப்பை அனுப்ப வேண்டும். இவரோ முதலில் தளம் திறக்கவில்லை என்றார், பிறகு வண்டியே அதில் இல்லை என்றார். காரணம் பின்னால்தான் தெரிந்தது: ஊரார் கூப்பிடும் பெயரை அவர் இட்டிருக்கிறார். இந்தத் தீவில் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக வாழ்பவர்கள் நிறையப் பேர். புதுச்சேரியிலிருந்து வந்த நம்மவர்களுக்கும் குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்ற குழப்பம் தாள்களில் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. கார்த் கிரீஸில் அச்சிட்டிருப்பதை எழுத்துக்கு எழுத்து, அதே வரிசையில் இடச் சொல்லுங்கள். பெரும்பாலான 'தளம் வேலை செய்யவில்லை' புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

இணைப்பு வந்ததும் நிலைமை வெளிச்சமானது. பரிசோதனைகளின் தேதி, வகை, முடிவு, அன்று ஓடியிருந்த கிலோமீட்டர் எல்லாம் வரிசையாக இருந்தன. கிலோமீட்டர் ஒவ்வொரு தடவையும் ஏறுமுகமாகவே இருந்ததால் மீட்டரைத் திருப்பியதற்கான அடையாளம் தெரியவில்லை. அது ஒரு நிம்மதி. ஆனால் கடைசி 'ஏ'க்குச் சில நாள் முன்னதாக ஒரு 'எஸ்' இருந்தது. என்ன குறைக்காக 'எஸ்' விழுந்தது என்பது அந்தப் பக்கத்தில் இல்லை. அதற்கு முதல் அறிக்கையே வேண்டும்.

அந்தப் பரிசோதனை நிலையத்துக்கு நேரில் போனோம். மேசையில் இருந்த பெண் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், உரிமையாளருக்கு மட்டுமே நகல் தருவோம் என்று கூறிவிட்டார். விதி அப்படியென்றால் அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் உரிமையாளர் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டதற்கு, "அவருக்குத் தெரியும்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. விற்பவரை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு மறுபடி போனபோது, அவருடைய அடையாள அட்டை மட்டும் போதாது, கார்த் கிரீஸும் வேண்டும் என்றார் அதே பெண். அது வீட்டில் இருந்தது. நிலையம் மூடும் நேரமும் நெருங்கியிருந்தது. முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று பேரின் ஒரு பிற்பகல் வீணாகியிருக்காது. நீங்கள் போவதாக இருந்தால் உரிமையாளர், அடையாள அட்டை, கார்த் கிரீஸ் மூன்றும் ஒன்றாகப் போகட்டும்.

கடைசியில் அந்த நகல் கிடைத்தது. பெரிய குறைகளாக இருந்தவை தேய்ந்த முன் டயர்களும் துருவேறிய ஒரு பிரேக் குழாயும். இரண்டையும் மாற்றித்தான் 'ஏ' வாங்கியிருக்கிறார். அவற்றுக்குக் கீழே, சிறிய குறைகளின் பட்டியலில், ஆறாம் எண்ணில் தொடங்கும் ஒரு வரி இருந்தது. ஆறில் தொடங்கும் குறியீடுகள் சட்டகத்தையும் அதனுடன் இணைந்த பாகங்களையும் சேர்ந்தவை. காரின் பின்புற அடிப்பகுதியில் துரு என்று அது சொன்னது.

தெரிந்த பட்டறையில் காரைத் தூக்கிப் பார்க்க விற்பவர் ஒப்புக்கொண்டார்; அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தது. பின்சக்கரத்துக்கு அருகில் அது மட்டும் சற்றே உப்பி, பளபளப்புக் குறைந்து இருந்ததைச் சித்தப்பா விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். திருப்புளியின் நுனியால் மெல்ல அழுத்தியதும் பூச்சு விரிசல் விட்டு, உள்ளிருந்து செந்நிறத் தூள் தரையில் கொட்டியது. நுனி தகட்டுக்குள் போய்விட்டது. பரிசோதனையாளர்கள் எதையும் கழற்றவோ சுரண்டவோ மாட்டார்கள், கண்ணால் காண்பதை எழுதுவார்கள். அவர்கள் பார்த்தபோது வெறும் துருவாகத் தெரிந்ததன் மேல் அதற்குப் பிறகு பூச்சு ஏறியிருக்கிறது என்றே நினைக்கிறேன். விலையைக் குறைப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் ஏறப்போகும் வண்டி என்பதால் நான் மேற்கொண்டு பேசவில்லை.

பெரிய குறையுடன் 'எஸ்' பெற்ற காரைக்கூட விற்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்போது அறிக்கை இரண்டு மாதத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். மறுபரிசோதனைப் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழும். குறைகளைத் திறந்து காட்டி அதற்கேற்ற விலை சொல்பவரிடம் அப்படி வாங்குவதில் தவறில்லை. மறைத்துத் தருவதுதான் பொறுக்க முடியாதது.

பிறகு பார்த்த கார் லா பிளேன் தே காஃப்ரில், கடலுப்பு எட்டாத மேட்டு நிலத்தில் இருந்தது. விற்ற அம்மையார் நான் கேட்பதற்கு முன்பே ஹிஸ்தோவெக் இணைப்பை அனுப்பிவிட்டார். பழைய அறிக்கைகள் அத்தனையும் ஒரே கோப்பில் ஆண்டு வாரியாக இருந்தன. அவற்றில் ஸ்டியரிங் முனை ஒன்றில் லேசான ஆட்டம் என்று சிறிய குறையாக வந்தது, அடுத்த அறிக்கையில் இல்லை. அதை மாற்றிய பட்டறை ரசீதும் கூடவே இருந்தது. வண்டி மேல் அடமானமோ தடையோ இல்லை என்று காட்டும், பதினைந்து நாளுக்கு உட்பட்ட நோன் காஜ் சான்றையும் பார்த்துவிட்டு வாங்கினோம். பெயர் மாற்றத்தை ஒரு மாதத்துக்குள் அன்ட்ஸ் என்ற அரசு இணையத் தளத்தில் முடிக்க வேண்டும். அது சிக்கலின்றி முடிந்தது. புதிய கார்த் கிரீஸ் வந்த அன்றே, என் பெயர் அதில் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதைப் படமெடுத்து அந்த அறிக்கைக் கோப்பில் சேர்த்துவிட்டேன்.