அன்கிரின்-ஜி பிடிபட்ட கதை

ஒருவழியாக அன்கிரின்-ஜி என்ற புரதம் கண்ணில் பட்டுவிட்டது. எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி நியூரானில் (நரம்புச் செல்லில்), சமிக்ஞையை வெளியே கொண்டுசெல்லும் ஆக்ஸான் என்ற கிளை புறப்படும் இடத்தில், மெல்லிய பச்சைக் கோடு. அதற்குப் பட்ட பாட்டை எழுதிவைத்தால் அடுத்து வருகிறவர்களின் பணமாவது மிஞ்சும்.

செல் வளர்ப்பில் தொல்லை இல்லை. வில்லங்கம், அன்கிரின்-ஜியில் ஒட்டிக்கொண்டு அதைப் பச்சையாகக் காட்ட உதவும் ஆன்டிபாடி வந்த பார்சலில் தொடங்கியது. வெள்ளி மாலை வந்த பெட்டியை ஸ்டோர்ஸ் குமாஸ்தா மேஜைக்கடியில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். குளிரில் வைக்கவும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்தது. திங்களன்று கேட்டால், "ரெஜிஸ்டரில் ஏற்றாமல் ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது மேடம்" என்கிறார். உள்ளே ஐஸ் பைகள் ஒத்தடப் பைகளாகக் கிடந்தன.

நினைத்தபடியே செல் முழுவதும் பச்சை மூட்டம், கோட்டைக் காணோம். மன்றாடி வாங்கிய புதுக் குப்பியிலும் அதே மூட்டம்! அப்புறம்தான் எங்கள் ஆய்வகத்தில் பரம்பரையாக வரும் செய்முறைத் தாள் மீது சந்தேகம் வந்தது. செல்லை இருந்தபடியே நிலைநிறுத்த, அதாவது ஃபிக்ஸ் செய்ய, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் அரை மணி நேரம் என்றது அது. சோடியம் சேனல்கள், நியூரோஃபாஸின், பீட்டா-4 ஸ்பெக்ட்ரின் ஆகிய புரதங்கள் எல்லாவற்றையும் ஆக்ஸான் தொடக்கத்தின் 20 முதல் 60 மைக்ரான் நீளத்துக்குள் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அன்கிரின்-ஜிதான். அந்த நெரிசலில் அதிக நேரம் ஃபிக்ஸ் செய்தால் புரதங்கள் பிணைந்து இறுகி, ஆன்டிபாடிக்கு வழி அடைபட்டுவிடுகிறது. பத்து நிமிடமாகக் குறைத்தேன். கோடு பளிச்சென்று வந்தது. மேஜைக்கடியில் கிடந்த முதல் குப்பியும் நன்றாகவே வேலை செய்கிறது. குமாஸ்தாவிடம் இதைச் சொல்வதாக இல்லை.

கூடவே எம்ஏபி-2 என்ற இன்னொரு புரதத்துக்கான சாயமும் போடுங்கள். அது டென்ட்ரைட்களில் (சமிக்ஞையை வாங்கும் கிளைகளில்) நிறையும், ஆக்ஸானில் மங்கும். கோடு அந்த மங்கலான கிளையில் இருந்தால்தான் கணக்கு. அன்கிரின்-ஜி இல்லாத நியூரானில் ஆக்ஸானுக்குள்ளும் எம்ஏபி-2 புகுந்துவிடும் என்பதால், அன்கிரின்-ஜியை நீக்கும் சோதனைக்கும் இந்தச் சாயம் உதவும்.

புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி (டிரான்ஸ்ஃபர்), ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் வேறொரு தண்டனை. அன்கிரின்-ஜிக்குப் பல வடிவங்கள் உண்டு; 190 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பேண்டைப் பார்த்துத் துள்ளாதீர்கள். நியூரானுக்கே உரியவை 270-உம் 480-உம். இரண்டாவது பூதம் 10 சதவீத ஜெல்லில் நகரவே மறுக்கும். 3-8 சதவீத ஜெல்லில் ஓட்டி, குளிர் அறையில் குறைந்த மின்னழுத்தத்தில் இரவு முழுவதும் டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். ஒரு மணி நேரம் போதும் என்பவர் இந்தப் புரதத்தைத் தொட்டதில்லை. செல்லை உடைக்கும் கரைசலில் கால்பெய்ன் தடுப்பானை மறக்க வேண்டாம். கால்சியம் கிடைத்தால் அந்த நொதி அன்கிரினை நறுக்கித் தள்ளிவிடும். டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் ஜெல்லைக் குப்பையில் போடாமல் புரதத்தை நீலமாகக் காட்டும் கூமாசி சாயத்தில் ஊறவையுங்கள். மேல் விளிம்பில் நீலம் தெரிந்தால், உங்கள் 480 இன்னும் அங்கேயே இருக்கிறது.