ஒரே அணி, எதிரெதிர்ப் பாய்கள்

வட கடலில் உள்ள சில்ட் தீவுக்கு ஜெர்மன் நிலப்பகுதியிலிருந்து நேராகக் காரில் போக விரும்புகிறவர், காரோடு சேர்ந்து ரயிலில்தான் ஏற வேண்டும். ஜெர்மனியின் வட கோடியில் இருக்கும் நீபுல் நிலையத்தில் வண்டியைத் திறந்த ரயில் பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்தபடி, 1927-இல் திறக்கப்பட்ட 11 கிலோமீட்டர் நீளமுள்ள கடலணையைக் கடந்தால் வெஸ்டர்லாந்து வந்துவிடும். செப்டம்பர் இறுதியில் நான் அப்படிக் கடந்தபோது எங்கள் வேனுக்குள், பாயில் காற்றைப் பிடித்துப் பலகை மேல் நின்று கடலில் ஓடும் விண்ட்சர்ஃபிங் ஆட்டத்துக்கான ஒன்பது பலகைகளும், பதினேழு பாய்களும், எண்ண மறந்துபோன பாய்மரங்களும், ஒருவரோடொருவர் இரண்டு நாளாகப் பேசிக்கொள்ளாத இரண்டு வீரர்களும் இருந்தார்கள். இருவரும் ஒரே அணி; ஒருவர் மூத்தவர், மற்றவர் இளையவர். முந்தைய போட்டியில் ஒருவர் மற்றவரை வெளியேற்றியதுதான் பிணக்குக்குக் காரணம்.

நான் வீரன் அல்லன். ஹாம்பர்க்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பொறியாளனாக வேலை பார்க்கிறவன். உடன் பணிபுரிபவரின் அண்ணன் ஒரு சிறிய விண்ட்சர்ஃபிங் அணியை நடத்தி வந்தார். அவருடைய ஓட்டுநருக்கு முதுகு வலி வந்த ஆண்டில், விடுமுறை நாள்கள் மிச்சமிருந்த எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. சம்பளம் கிடையாது, சாப்பாடும் படுக்கையும் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய வீட்டில் வளர்ந்தவனுக்கு, காற்றை நம்பிப் பிழைக்கும் இன்னொரு கூட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் ஆசையும் இருந்தது. அப்படி இரண்டு பருவங்கள் அவர்களோடு திரிந்தேன்.

'அணி' என்ற சொல்லே முதலில் என்னைக் குழப்பியது. கபடியிலும் கிரிக்கெட்டிலும் அணி என்றால் எதிரே வேறோர் அணி நிற்கும். இங்கே அப்படி இல்லை. பலகையோ பாயோ செய்யும் ஒரு நிறுவனம் சில வீரர்களுக்குக் கருவிகளும், சிலருக்கு மட்டும் சம்பளமும் கொடுத்துத் தன் பெயரைப் பாயில் எழுதிக்கொள்ளும்; அந்த நிறுவனத்தின் வீரர்கள் அனைவரும் ஓர் அணி. கடலில் இறங்கிவிட்டால் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள்தான். வாடகை வீட்டையும், சமையலையும், வேனின் டீசல் செலவையும், பாயை எந்த அளவுக்கு இழுத்துக் கட்டினால் வேகம் கூடும் என்ற ரகசியத்தையும் காலையில் பகிர்ந்துகொண்ட இருவர், மதியம் ஒரே சுற்றில் எதிரெதிராக நிற்பார்கள்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு கிரான் கனாரியா தீவின் இரட்டைச் சகோதரிகளான இபாயா மொரேனோவும் தைதா மொரேனோவும். அலைகளில் ஏறித் தாவிப் புள்ளி சேர்க்கும் அலைப் பிரிவில் பெண்களுக்கான உலகப் பட்டங்களை ஆண்டுக்கணக்கில் அந்த ஒரே வீடு வைத்திருந்தது. இறுதிச் சுற்றில் அக்காவும் தங்கையும் மோதிக்கொள்வது அங்கே பழகிப்போன காட்சி. முந்தைய இரவு ஒரே மேசையில் உணவு அருந்திவிட்டு மறுநாள் அவ்வாறு நிற்பதற்கு என்ன மனம் வேண்டும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவர்களுடைய ஊர்க் கடலான போசோ இஸ்கியெர்தோவைத்தான் நான் முதலில் பார்த்தேன். தீவின் தென்கிழக்குக் கரையில், சில தெருக்களும் காற்றாலைகளும் மட்டுமே உள்ள சிற்றூர் அது. கரையில் மணல் இல்லை, உருண்டைக் கற்கள். கோடையில் வடகிழக்கிலிருந்து வரும் தடக்காற்று தீவின் மலைகளைச் சுற்றி வளைந்து நெருக்குண்டு, இந்தக் கரையில் வந்து இரட்டிப்பு வேகத்தோடு கொட்டுகிறது. வேன் கதவைத் திறக்கும்போது ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கீல் போய்விடும். நான் சமைத்த சோற்றில் மூன்று நாளும் மண் இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

அத்தகைய காற்றில் வீரர்கள் எடுத்துச் செல்வது மிகச் சிறிய பாய், நான்கு சதுர மீட்டருக்கும் குறைவானது. அலையின் முகத்தில் ஏறி, வீட்டு மாடிக்கு மேலே எழும்பி, பலகையோடும் பாயோடும் காற்றிலேயே முன்னோக்கி இருமுறை சுழன்று இறங்குவார்கள். மும்முறை சுழல முயன்றவர்களும் உண்டு. ஒரு சுற்று ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடக்கும்; அன்றைய கடலைப் பார்த்து, எத்தனை தாவல்களும் எத்தனை அலைகளும் கணக்கில் சேரும் என்று நடுவர்கள் முன்பே அறிவிப்பார்கள். அந்தச் சில நிமிடங்களுக்குள் பாய்மரம் ஒடிந்தால் நீந்திக் கரை வந்து வேறு பாயை எடுத்துப் போக வேண்டும். அதற்காக, தயாராக விரித்துக் கட்டிய இரண்டாவது பாயோடும் பலகையோடும் ஓர் ஆள் நீர் விளிம்பில் காத்திருப்பார். அவரைக் 'கேடி' என்கிறார்கள். கோல்ஃப் விளையாட்டில் பை சுமப்பவருக்கு உள்ள பெயர்தான், ஆனால் இந்த வேலை சுமப்பதோடு முடிவதில்லை. வீரர் தண்ணீரில் எங்கே விழுந்தார், நீரோட்டம் அவரை எங்கே கொண்டுபோகும், எந்தக் கல்லுக்கு நேரே அவர் கரையேறுவார் என்று கணித்து, அந்த இடத்துக்கு முன்கூட்டியே ஓட வேண்டும். காற்றோ பிடித்திருக்கும் பாயோடு சேர்த்து ஆளையும் தூக்கிப்போகப் பார்க்கும். முதல் நாள் என்னிடம் ஒரு பாயைக் கொடுத்து நிறுத்தினார்கள். இரண்டு நிமிடத்தில் நான் ஒரு பக்கமும் பாய் ஒரு பக்கமும் கிடந்தோம். அன்று முதல் என்னை வேனுக்கும் அடுப்புக்கும் மட்டும் பொறுப்பாக்கினார்கள்.

பெரும்பாலும் கேடியாக நிற்பவர் அணியின் இன்னொரு வீரர்தான். தான் தோற்று வெளியேறிய ஒரு மணி நேரத்தில், தன்னை வென்றவனுக்காகவே அவர் கேடியாக நிற்க நேரிடும்.

கருவிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாழ்க்கையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் நாளின் பெரும்பகுதி அவற்றைத் தூக்குவதிலேயே கழிகிறது. அலைப் பலகை ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர் நீளம். கார்பன் பாய்மரம் நான்கு மீட்டர்ச் சொச்சம் நீளமானாலும் இரண்டு துண்டுகளாகக் கழற்றலாம். அதனால்தான் இந்த விளையாட்டு விமானத்தில் ஏற முடிகிறது. ஒருமுறை ஒரு வீரரின் பைகளை மட்டும் குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக எடைபோட்டேன், 118 கிலோ வந்தது. விமான நிலையத்தில் அதற்குக் கேட்கும் கட்டணம் ஊழியருக்கு ஊழியர் மாறும். சிரித்த முகத்தோடு நிற்பது, பைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி வைப்பது, 'இது சர்ஃப் பலகை' என்று மட்டும் சொல்லி மேற்கொண்டு வாய் திறக்காமல் இருப்பது ஆகியவற்றை மூத்த வீரர்கள் இளையவர்களுக்குப் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். ஒரு விமான நிறுவனம் எங்கள் இரண்டு பைகளை வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டது. அவை வந்து சேர்ந்தபோது போட்டி முடிந்திருந்தது. அந்த வீரர் கடன் வாங்கிய பாயில் போட்டியிட்டு முதல் சுற்றிலேயே வெளியேறினார். இழப்பீடாக வந்த தொகை ஒரு பாய்மரத்துக்குக்கூடக் காணவில்லை.

ஸ்லாலம் என்னும் வேகப் பந்தயப் பிரிவினரின் நிலை இன்னும் கடினம். மிதவைகளைச் சுற்றி வளைந்து, எட்டுப் பேர் வரை ஒன்றாகப் பாயும் ஓட்டம் அது. சில நிமிடங்களில் முடிந்துவிடும், முதல் நான்கு பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். காற்று எந்த வேகத்தில் வரும் என்று தெரியாததால் ஐந்து சதுர மீட்டரிலிருந்து ஒன்பதுக்கும் மேலே வரை பாய்கள் தேவைப்படுகின்றன. தொழில்முறைச் சங்கமான பிடபிள்யூஏ பதிவு செய்யக்கூடிய கருவிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறது. கடையில் எவரும் வாங்கக்கூடிய தயாரிப்பாக அவை இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. இந்த விதியால்தான் அணிகளுக்கு ஒரு பொருள் கிடைக்கிறது என்பது என் கருத்து. பந்தயத்தன்று ரகசியக் கருவியைக் கொண்டுவர முடியாது. ஆகவே குளிர்காலம் முழுவதும், தெனரீஃப் தீவின் எல் மேதானோ போன்ற இடங்களில், அணியினர் இருவர் இருவராகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, ஒருவர் ஒரு பாயோடும் மற்றவர் சற்றே மாற்றித் தைத்த பாயோடும் வேகத்தை ஒப்பிடுகிறார்கள். தனியாக ஓடுபவருக்குத் தன் வேகம் கூடியதா காற்று கூடியதா என்று தெரியாது. பக்கத்தில் ஒருவன் வேண்டும், அவனும் தனக்குச் சமமானவனாக இருக்க வேண்டும். வசந்தத்தில் அவனையே தோற்கடிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வேகப் பிரிவின் பெரும்பெயர் பிரான்சின் அந்துவான் அல்போ. 2015 நவம்பரில் நமீபியாவின் லூடெரிட்ஸ் ஊரில், பாலைவனத்தில் இதற்கென்றே வெட்டிய கால்வாயில், 500 மீட்டர் தூரத்தைச் சராசரியாக 53.27 நாட் வேகத்தில் கடந்தார். மணிக்கு ஏறத்தாழ 99 கிலோமீட்டர். அவரைப் பாயிலுள்ள எஃப்-192 என்ற எண்ணை வைத்தே கரையில் நிற்பவர்கள் அடையாளம் காண்பார்கள். வீரரின் முகம் தெரியாத தூரத்தில் நடக்கும் விளையாட்டு இது என்பதால் பாய் எண் வாழ்நாள் முழுவதும் கூடவே வருகிறது. 1976-இல் பதின்மூன்று வயதில் உலகப் பட்டம் வென்ற ராபி நைஷ் யுஎஸ்-1111. 1988 முதல் 1999 வரை ஒட்டுமொத்த உலகப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பியோர்ன் டங்கர்பெக் இ-11. ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்து கிரான் கனாரியாவில் வளர்ந்து, 2011-இல் பதினேழு வயதில் அலைப் பட்டம் வென்ற ஃபிலிப் கோஸ்டர் ஜி-44. எங்கள் இளையவருக்கு இன்னும் எண்ணைச் சொன்னால் பெயர் நினைவுக்கு வரும் நிலை வரவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படுவார்.

காயத்தைப் பற்றி இவர்கள் அதிகம் பேசுவதில்லை. கோஸ்டர் 2016-இல் முழங்கால் கிழிந்து அந்தப் பருவத்தை இழந்து, 2017-இல் மீண்டும் பட்டம் வென்றதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். திரும்பாதவர்களின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பணத்தைப் பற்றியோ ஓயாமல் பேசுவார்கள். பரிசுத் தொகையில் மட்டும் வாழ்பவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர். மற்றவர்கள் குளிர்காலத்தில் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள், சிலர் பலகை பழுது பார்க்கிறார்கள். எங்கள் மூத்தவர் தச்சர்.

போட்டி நடக்கும் ஊர்களின் பட்டியலை நிதானித்துப் பார்த்தால் சுற்றுலாப் பட்டியல் போல இருக்கும். ஜூலையில் கிரான் கனாரியா, அங்கிருந்து வேனைக் கப்பலில் ஏற்றி ஃபுவெர்தவென்துராவின் சோதவென்தோ கடற்கரை, பிறகு தெனரீஃப், இலையுதிர் காலத்தில் சில்ட், ஆண்டிறுதியை ஒட்டி ஹவாயின் மாவி. ஆனால் இவர்கள் எந்த ஊரிலும் கோயிலையோ அருங்காட்சியகத்தையோ பார்த்ததில்லை. காற்று அடித்தால் கடலில் இருக்க வேண்டும். அடிக்காவிட்டால், எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பதால் கரையில் இருக்க வேண்டும்.

சில்ட் போட்டி 1984-இலிருந்து நடந்து வருகிறது. நான் போன அந்த ஆண்டில் முதல் ஆறு நாள்களும் கடல் குளம்போலக் கிடந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் வீரர்கள் கூட்டத்தில் பந்தய இயக்குநர் வானிலை வரைபடத்தைக் காட்டி, முதல் சுற்று இத்தனை மணிக்கு முன்பு இல்லை என்பார். மதியம் அந்த மணி தள்ளிப்போகும். மாலையில் அன்றைய நாள் கைவிடப்படும். கரையில் பாட்டும் மீன் ரொட்டியும் பீரும் பத்து நாள் திருவிழாவாக நடந்துகொண்டிருக்க, நடுவே இவர்கள் கடல் குளிருக்கான ரப்பர் உடுப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்கள். காத்திருப்பதில் பழக்கம் வந்தவர் தூங்கிவிடுகிறார். எங்கள் இளையவர், பலகையின் அடியில் மாட்டும் துடுப்பான ஃபின் ஒன்றையே நான்கு முறை தேய்த்து மெருகேற்றினார். ஐந்தாம் முறை எடுத்தபோது மூத்தவர் எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் அதைக் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். கடலணையைக் கடந்த பிறகு அவர்களுக்குள் நடந்த முதல் பரிமாற்றம் அதுதான்.

ஏழாம் நாள் விடியற்காலையில் மேற்கிலிருந்து காற்று வந்தது. ஜன்னல் சட்டம் அடித்துக்கொண்ட சத்தத்தில் வீடே எழுந்தது. பழுப்பு நிற அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கரையோரத்திலேயே பலகையை நொறுக்கும் கடல். முதலில் இறங்கிய மூத்தவர் வெளியே போக வழி தெரியாமல் பாதி நேரத்தை இழந்து தோற்றார். இளையவரின் சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. மூத்தவர் குளித்து உடை மாற்றிக்கொண்டு தேநீர் கேட்பார் என்று நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் வரவில்லை. எட்டிப் பார்த்தபோது, நனைந்த உடுப்போடு, தன்னுடைய 4.2 சதுர மீட்டர்ப் பாயை இறுக்கிக் கட்டி, இளையவரின் இரண்டாவது பலகையில் மாட்டிக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் நீரோட்டம் வடக்கே இழுக்கிறது, எந்த மரத்தூண் வரிசைக்கு அப்பால் அலை சற்றுத் தணிகிறது என்று, சற்று முன்பு தோற்றுத் தெரிந்துகொண்டதையெல்லாம், காற்றுக்கு மேலே குரலை உயர்த்திக் கத்திச் சொன்னார். பிறகு அந்தப் பாயைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, இளையவர் விழக்கூடும் என்று அவர் கணித்திருந்த இடத்தை நோக்கி நீர் விளிம்பில் நடக்கத் தொடங்கினார்.

கெட்டிலில் தண்ணீர் கொதித்து வற்றிப்போனதை நான் கவனிக்கவில்லை.