வலதுபக்கம் ஒடித்தால் மட்டும்

ஆகஸ்ட் 11, 2024, ஞாயிறு

ராமநகரப் பக்கம் நண்பனின் தோட்டத்துக் கரட்டுப் பாதையில் காலை முழுக்க வண்டியை உருட்டிவிட்டுத் திரும்பும்போது, பிடதி தாண்டியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி அணைத்துப் போட்டேன், போய்விட்டது. கெங்கேரியில் யூ டர்ன் அடித்தேன், மறுபடி வந்துவிட்டது. பிரேக் என்னவோ வழக்கம்போலத்தான் பிடிக்கிறது. சறுக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை மட்டும் நின்றுபோகும்.

எரிச்சல் என்னவென்றால், போன மாதம்தான் இதே விளக்குக்காக இடது முன்சக்கர சென்சாரை மாற்றி மூவாயிரத்துச் சொச்சம் தண்டம் அழுதேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து அல்சூர் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். ஸ்கேனரில் சி0035 என்று கோளாறு கோட் வந்தது. இடது முன்சக்கர வேக சென்சார் சர்க்யூட்.

“சர்க்யூட்னுதானே சொல்லுது தம்பி, சென்சார் போச்சுன்னா சொல்லுது?” என்றார். போன மாதம் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒயர் இணையும் சேஸிஸ் பக்கக் கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தார். மின்தடை 1.1 கிலோ ஓம், சரியாகத்தான் இருந்தது. என் வண்டியில் இருப்பது காந்தமும் சுருளும் உள்ள பழைய வகை. பல்சக்கரம் எதிரே சுற்றும்போது தானே மின்சாரம் உண்டாக்கும், அதனால் ஓம் பார்க்கலாம். புது வண்டிகளில் வரும், உள்ளே சிப் வைத்த ஹால் வகைக்கு இந்தச் சோதனை செல்லாது.

அப்புறம், “ஸ்டியரிங்கை முழுசா வலது பக்கம் ஒடிங்க” என்றார். ஒடித்தேன். மீட்டரில் எண் மறைந்து ‘ஓ.எல்.’ நின்றது, அதாவது இணைப்பு அறுந்திருக்கிறது. நேராக்கினால் மறுபடி 1.1. நாலு முறை செய்தோம், நாலு முறையும் அதேதான். சென்சாரிலிருந்து சேஸிஸ் வரை ஒன்றரை முழத்துக்குத் தனி ஒயர் ஒன்று போகிறது. சக்கரம் திரும்பும்போதும் மேலும் கீழும் ஆடும்போதும் அதுவும் கூடவே வளைகிறது. போன மாதம் புது சென்சாரைக் கொண்டுபோய் அந்தப் பழைய ஒயரிலேயே மாட்டியிருக்கிறார்கள்.

வெட்டி சால்டர் வைத்துவிடலாமா என்றேன். ஈயம் ஊறிய இடம் விறைத்துக்கொள்ளும், அதன் ஓரத்தில் மறுபடி ஒடியும், துண்டையே மாற்று என்றார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வரமகாலட்சுமி விரதம். அந்த ஒயரைத் தேடிப் போனால், ஜே.சி. ரோட்டில் பாதி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஷட்டர். வீண் அலைச்சல்.

ஆகஸ்ட் 17, சனி

மூன்றாவது கடையில் கிடைத்தது. அதற்கு முந்தைய கடைக்காரர் சாதாரண ரெட்டை ஒயரை நீட்டி “இது போதும் சார்” என்றார். ஆகாது. இரண்டு ஒயரும் பின்னல் மாதிரி முறுக்கி இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறினால்தான் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வீல் நட்டுகளைத் தரையிலேயே தளர்த்தி, அப்புறம்தான் ஜாக்கி, ஸ்டாண்டு. வேலை பத்து நிமிஷம்தான், கப்ளர் லாக்கில் இறுகிக் கிடந்த சேற்றைச் சுரண்டவே அரைமணி ஆனது. அவசரப்பட்டு நெம்பினால் காய்ந்த பிளாஸ்டிக் ஒடிந்து கையோடு வந்துவிடும்.

புது ஒயரை பிரேக் ஹோஸ் போகும் வழியிலேயே விட்டு, பழைய கிளிப்புகள் இருந்த இடத்திலேயே மாட்டினேன். சக்கரம் முழுசாகத் தொங்கும் நிலையில் இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தேன். எங்கும் இழுக்கவில்லை, டயரிலும் உரசவில்லை.

பழைய ஒயரைப் பிளேடால் கீறினேன். ரப்பர் புஷ் பிடித்திருந்த இடம். மேல்தோலில் ஒரு கீறல் இல்லை. உள்ளே செம்பு இழைகள் அறுந்து பச்சைக் களிம்பாகப் பொடிந்து கிடந்தன. புளி போட்டுத் தேய்க்காத சொம்பின் அடியில் இருக்குமே, அந்தப் பச்சை. இரண்டே இழைகள்தான் ஒட்டியும் ஒட்டாமலும்.

ஸ்கேனரில் அந்தக் கோளாறு கோட்-ஐ அழித்துவிட்டு, மழையில் ஊறிய காலி மனையில் ஓட்டி பிரேக்கை ஓங்கி மிதித்தேன். காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறியது, ஏபிஎஸ் வேலை செய்கிறது. முழு வலது, முழு இடது, விளக்கு வரவே இல்லை.

சாயங்காலம் டிக்கியில் கிடந்த பழைய சென்சாரை எடுத்து மீட்டர் வைத்தேன். 1.1 கிலோ ஓம். துடைத்து, டப்பாவில் போட்டு, ஸ்டெப்னி பக்கத்தில் வைத்துவிட்டேன்.